அந்த நடையைப் பார்த்துச் சிரிச்ச தம்பிகளுக்கும், மனசு வருத்தப்பட்ட பெரியவங்களுக்கும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. படிச்சிட்டுத் திட்டணும்னு தோணினா கீழேயே திட்டுங்க, வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். அங்கே ஏற்கெனவே சூடு அதிகம்.

நாங்க பொங்கோல்ல இருக்கிற பத்துப் பதினைந்து தொண்டூழியர்கள். காய் நறுக்குவோம், பாத்திரம் கழுவுவோம், வரிசையைப் பார்த்துக்குவோம், செருப்பு வைக்கிற இடத்துல நிற்போம். சினிமா விமர்சனம் எங்க வேலை இல்லை. ஆனா போன சிவராத்திரிக்கு நடந்த ஒரு விஷயத்தைப் பத்திப் பேசாம இருக்க முடியலை.

இரண்டாம் கால பூசை முடிஞ்சதும் மண்டபத்துல 'திருவிளையாடல்' போட்டோம். வருஷா வருஷம் போடுறதுதான். கண் விழிக்கிறவங்களுக்கும், காலையில முதல் ரயிலுக்குக் காத்திருக்கிறவங்களுக்கும் ஒரு துணை. பின்வரிசையில உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி தம்பிகள் ஏழெட்டுப் பேர். தருமி வந்தப்போ எல்லார் கையிலயும் இருந்த போன் கீழே போயிடுச்சு. வயிறு வலிக்கச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் மீனவர் கதை வந்தது. கடற்கரையில சிவாஜி நடந்து வர்ற அந்த நடை உங்களுக்கே தெரியும். அப்பவும் சிரிச்சாங்க. ஆனா இது வேற சிரிப்பு. ஒரு தம்பி எழுந்து நின்னு அதே மாதிரி நடந்தே காட்டினான்.

முன்வரிசையில ஒரு பாட்டி. வருஷம் தவறாம இந்தப் படத்துக்காகவே வர்றவங்க. படம் வந்த புதுசுல வீட்டுக்காரரோட இங்கேயே சிங்கப்பூர்த் தியேட்டர்ல பார்த்தவங்க. அவர் இப்ப இல்லை. பாட்டிக்கு நேத்து நடந்தது பாதி மறந்துபோகுது, தருமி பேசுற வசனம் மட்டும் ஒரு எழுத்து பிசகாம வருது. அவங்க திரும்பிப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லலை. படம் முடியுறதுக்கு முன்னாடியே எழுந்து போய்ட்டாங்க.

மறுநாள் குழுவுல சண்டை. "ஓவர் ஆக்டிங்ப்பா, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் புரியாது, அடுத்த வருஷம் படத்தையே எடுத்துடலாம்"னு ஒரு பக்கம். "பிள்ளைங்களை வெளியே அனுப்புங்க"ன்னு இன்னொரு பக்கம். இரண்டுமே சரியில்லைன்னு நாங்க நினைக்கிறோம். ஏன்னு சொல்றோம்.

முதல்ல தம்பிகள் பக்கத்து நியாயம். சிவாஜி கணேசன் சினிமாவுக்கு வந்தது 1952இல், 'பராசக்தி'யில். அதுக்கு முன்னாடி சின்ன வயசுலேர்ந்து நாடகக் கம்பெனி. கடைசி வரிசையில தரையில உட்கார்ந்திருக்கிறவனுக்கும் முகம் தெரியணும், குரல் கேட்கணும். புருவத்தைத் தூக்கினா அது ஐம்பதடி தாண்டிப் போய்ச் சேரணும். அந்தப் பழக்கத்தோட வந்தவர் நடிப்பைக் கையில போனை வச்சுக்கிட்டு, முகத்துக்கு அரை அடி தூரத்துல பார்த்தா பெருசாத்தான் தெரியும். கோயில் மண்டபத்துக்குன்னு கட்டின மணியை வீவக வீட்டு வரவேற்பறையில அடிச்ச மாதிரி. மணி மேல குத்தமில்லை, கேட்கிற காது மேலயும் குத்தமில்லை. இடம் மாறிப்போச்சு.

ஆனா இதை மட்டும் சொல்லி நிறுத்தினா, "அந்தக் காலத்து நடிப்பு, மன்னிச்சு விடுங்க"ன்னு சொன்ன மாதிரி ஆயிடும். நாங்க கேட்கிறது மன்னிப்பு இல்லை. அந்த நடையை இன்னொரு தடவை பாருங்கன்னு கேட்கிறோம்.

அங்கே அவர் யாரா நடிக்கிறார்? மீனவரா இல்லை. மீனவரா வேஷம் போட்டு வந்திருக்கிற சிவபெருமானா. பார்வதி மீனவர் குலத்துல பிறந்திருக்கா, அவளைத் தேடி இவர் வேஷம் கட்டிக்கிட்டு வந்திருக்கார். பிடிபட்டா என்ன ஆகும்ங்கிற பயம் அவருக்குக் கிடையாது. விளையாட வந்தவர். நிஜ மீனவர் இப்படி நடக்க மாட்டார், உண்மைதான். மீனவனா இருந்து பார்க்கிற சந்தோஷத்துல ஒரு கடவுள் நடந்தா எப்படி நடப்பார்? கொஞ்சம் அதிகமாத்தான் நடப்பார். படத்தோட பேரே திருவிளையாடல். "ஓவரா இருக்கு"ன்னு நாம சொல்றோமே, அந்த ஓவர்தான் அங்கே கதாபாத்திரம். இதை எங்கள்ல ஒருத்தர் சொன்னப்போ, இத்தனை வருஷம் பார்த்த எங்களுக்கே திக்குனு இருந்தது.

அதே படத்துல தருமி காட்சியை எடுத்துக்குங்க. அங்கேயும் அவர் சிவபெருமான்தான், புலவர் வேஷத்துல. எதிர்ல நாகேஷ் கை, கால், கழுத்து, குரல்னு எல்லாத்தையும் வச்சு ஆட்டம் போடுறார். சிவாஜி என்ன பண்றார்? நிற்கிறார். கேட்கிறார். லேசா சிரிக்கிறார். மொத்தக் காட்சியையும் நாகேஷ் கையில கொடுத்துட்டு நிற்கிறார். தன்னோட காட்சியெல்லாம் வெட்டுப்பட்டுடுமோன்னு நாகேஷ் பயந்ததாகவும், போட்டுப் பார்த்த சிவாஜி ஒரு அடிகூட வெட்டக் கூடாதுன்னு சொன்னதாகவும் சினிமா வட்டாரத்துல காலங்காலமாச் சொல்ற கதை ஒண்ணு உண்டு. கதையை விடுங்க, திரையில இருக்கிறதே போதும். எப்ப அளக்கணும், எப்ப கொட்டணும்னு தெரிஞ்ச ஆள்தான் அந்தக் கடற்கரையிலயும் நடக்கிறார். தெரியாம நடந்த நடை இல்லை அது.

சரி, நல்ல நடிப்புன்னா என்னதான்? எங்களுக்குத் தோணின மூணு விஷயம்.

ஒண்ணு, உடம்பு பொய் சொல்லக் கூடாது. தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு இயலே இருக்கு. மனசுக்குள்ள நடக்கிறது மெய்யில, அதாவது உடம்புல, தெரியுறதுதான் மெய்ப்பாடு. சிரிப்பு, அழுகை, கோபம், பயம்னு எட்டு வகையாப் பிரிச்சு வச்சிருக்காங்க. தைப்பூசத்துல பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி கூடவே தண்ணி எடுத்துக்கிட்டு நடந்தவங்களுக்கு இது புத்தகமே இல்லாம புரியும். கிளம்பும்போது சில பேர் நடை கேமராவுக்காக இருக்கும். மூணு கிலோமீட்டருக்கு மேல நடந்து கடைசித் திருப்பம் வரும்போது கேமரா ஞாபகமே இருக்காது. அப்ப உடம்பு சொல்றதுதான் நிஜம்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) பாருங்க. நாகஸ்வரம் வாசிச்சது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாசிக்கலை. ஆனா கன்னம், கழுத்து நரம்பு, விரல், மூச்சு எல்லாம் வாசிக்குது. கோயில்ல நாகஸ்வரம் வாசிக்கிற ஒரு அண்ணன்கிட்ட கேட்டோம். "விரலைப் பார்த்துப் பழகிக்கலாம் தம்பி. வாசிச்சு முடிச்சதும் சீவாளியை உதட்டுலேர்ந்து எடுக்கும்போது முகத்துல ஒரு களைப்பும் கர்வமும் சேர்ந்து வரும் பாருங்க, அது எங்க ஆளுங்ககூட உட்கார்ந்து கவனிச்சாத்தான் வரும்"னார். தொழில் தெரிஞ்சவன் ஒத்துக்கிட்டான்னா அதுக்கு மேல என்ன விருது வேணும்?

'திருவருட்செல்வர்' (1967) படத்துல அப்பரா வந்தப்போ அவருக்கு நாற்பது வயசுகூட ஆகலை. காஞ்சிப் பெரியவரைக் கவனிச்சுத்தான் அந்த உட்காருற விதம், கைநடுக்கம் எல்லாம் வந்ததுன்னு அவரே சொல்லியிருக்கார். தாடியும் விபூதியும் மேக்கப் காரர் கொடுத்தது. முதுமை கவனிச்சதால வந்தது.

இரண்டு, கேட்கத் தெரியணும். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்துல நாகேஷ் பேய்க்கதை சொல்ற காட்சியை நாம எல்லாரும் நாகேஷுக்காக ஞாபகம் வச்சிருக்கோம். அடுத்த தடவை பாலையாவை மட்டும் பாருங்க. அவருக்கு வசனம் ரொம்பக் குறைவு. மகன் சொல்றதை நம்பவும் முடியலை, நம்பாம இருக்கவும் முடியலை. அந்த முகம் இல்லேன்னா நாகேஷ் காத்துல கத்தி வீசின மாதிரிதான். நடிப்புல பாதி எதிராளி பேசுறதைக் கேட்கிறது. அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கிற இடத்துல நிற்கிற எங்களுக்கு இது நல்லாத் தெரியும். வர்றவங்க பேர், நட்சத்திரம் சொல்லும்போது நிஜமாக் கேட்கிறோமா, கேட்கிற மாதிரி தலையாட்டுறோமான்னு அவங்க ஒரு நொடியில கண்டுபிடிச்சிடுவாங்க.

மூணு, அளவு. நிறைய பண்றதும் பெருமை இல்லை, ஒண்ணும் பண்ணாம இருக்கிறதும் பெருமை இல்லை. அந்த இடத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. 'முதல் மரியாதை' 1985இல் வந்தது, திருவிளையாடலுக்கு இருபது வருஷம் கழிச்சு. பாரதிராஜா படம். அதே சிவாஜி. ஆனா அந்த மலைச்சாமி ஊர்ல எங்கேயோ நாம பார்த்த பெரியப்பா மாதிரி இருக்கார். சத்தத்தைக் குறைச்சுட்டார், ஆளைக் குறைக்கலை. "அவருக்கு அடக்கி நடிக்கத் தெரியாது"ன்னு சொல்றவங்க இந்தப் படத்தைப் பார்த்துட்டு வந்து பேசலாம்.

இதைப் படிச்சிட்டு, நாங்க பழசை மட்டும் தூக்கிப் பிடிக்கிறோம்னு நினைக்காதீங்க. அன்னைக்கு நடந்து காட்டின அதே தம்பி குழுவுல ஒரு கேள்வி கேட்டான்: "'மாமன்னன்'ல வடிவேலு சார் ஒண்ணுமே பண்ணாம அழ வச்சார். அது நடிப்பு இல்லையா?" நடிப்புதான் தம்பி, நூத்துக்கு நூறு. முப்பது வருஷமா நம்மளை விழுந்து விழுந்து சிரிக்க வச்ச உடம்பு அது. 2023இல் வந்த அந்தப் படத்துல, உட்காரச் சொல்லியும் உட்கார முடியாத ஒரு மனுஷனோட கூச்சத்தை அதே உடம்பு காட்டுச்சு. 'ஜெய் பீம்' (2021) படத்துல செங்கேணியா வந்த லிஜோமோள் ஜோஸும் அப்படித்தான். பெரிய வசனத்தை நம்பி நிற்கலை, நிறைமாதக் கர்ப்பிணி நடக்கிற அந்த நடையை நம்பி நின்னாங்க. ஆக, நீ வடிவேலுகிட்ட பார்த்ததும், பாட்டி சிவாஜிகிட்ட பார்த்ததும் ஒண்ணுதான். ஒருத்தர் தன்னை ஒதுக்கி வச்சுட்டு இன்னொரு உயிருக்கு இடம் கொடுக்கிறார். ஒரு காலத்துல அது பெருங்குரல்ல வந்தது, இப்ப மெல்லிசா வருது.

உடம்பு இளைக்கிறது, மூணு மணி நேரம் மேக்கப் போடுறது, கிளிசரின் இல்லாம அழுறது இதெல்லாம் உழைப்பு. மரியாதை கொடுக்கணும். ஆனா அன்னதானத்துல "நான் விடியக்காலை மூணு மணிக்கே வந்தேன் தெரியுமா"ன்னு சொல்லிக்கிட்டே பரிமாறினா சாப்பிடுறவனுக்குச் சோறு இறங்குமா? உழைப்பு தெரியாம உழைக்கிறதுதான் சேவை. நடிப்புலயும் அதேதான்னு நாங்க நம்புறோம்.

பெரியவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. பிள்ளைங்க சிரிச்சது சாமியைப் பார்த்து இல்லை. நாம அறுபது வருஷமாப் படத்தை மட்டும் போட்டோம், ஏன் பிடிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கலை. வெறும் திரையை முன்னாடி வச்சுட்டு பக்தி தானா வந்துடணும்னு எதிர்பார்த்தோம். அது நம்ம தப்பு. தருமிக்குச் சிரிச்சாங்களே, அந்தச் சிரிப்புல அவங்களுக்கும் பாட்டிக்கும் நடுவுல எந்த வருஷமும் இல்லை. அங்கேயிருந்து நாம ஆரம்பிச்சிருக்கணும்.

அதனால எங்க கருத்து இது. படத்தை எடுக்க வேண்டாம். அடுத்த சிவராத்திரிக்கும் போடணும். ஒவ்வொரு கதைக்கும் முன்னாடி ஒரு பிள்ளை எழுந்து இரண்டே நிமிஷம் பேசட்டும்: இப்ப வர்றது யார், என்ன வேஷத்துல வர்றார், எதைக் கவனிக்கணும். அவ்வளவுதான். மீனவர் கதைக்கு யார் பேசணும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கேட்டுட்டோம், சரின்னுட்டான். "நடந்தும் காட்டலாமா?"ன்னு கேட்டான். காட்டுப்பா, ஆனா ஏன் அப்படி நடக்கிறார்னு சொல்லிட்டுக் காட்டுன்னோம்.

போன வாரம் அவனே பாட்டி வீட்டுக்குப் போனான், நாங்க யாரும் சொல்லலை. பாட்டிக்கு அவன் சிரிச்சது ஞாபகம் இல்லை. யாருப்பா நீன்னு கேட்டுட்டு, தருமி வசனத்தை முழுசாச் சொல்லிக் காட்டினாங்களாம். "அண்ணே, நாகேஷ் மூச்சு விடுற இடத்துல பாட்டியும் மூச்சு விடுறாங்க"ன்னு எங்ககிட்ட வந்து சொன்னான். பார்க்கக் கத்துக்கிட்டான் பையன்.

உங்க கருத்தைக் கீழே எழுதுங்க. வேண்டாம்னு நினைக்கிறவங்களும் காரணத்தோட எழுதுங்க, கூட்டத்துல அப்படியே வாசிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்க ஆள் குறையுது. ஆறு மணிக்கு வந்துடுங்க, கத்தி கொண்டு வர வேண்டாம், இங்கேயே இருக்கு.