போனக்காட்டைப் படிக்காத எம்.பி.ஏ.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியபின் எம்.பி.ஏ. படிக்க விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு எண்களைக் கொண்டே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒன்று, தரவரிசையில் அதன் இடம். மற்றொன்று, அங்கே படித்து முடித்தவர்களின் சராசரி ஊதியம். இவ்விரண்டும் பயனற்றவையல்ல, ஆயினும் இவை வேறொருவருடைய கேள்விக்கான விடைகள்.

2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசை, நிறுவனத்தை முழுமையாக அளக்கிறதேயன்றி, பணியிலிருப்போருக்கான ஒரு குறிப்பிட்ட படிப்பை அளப்பதில்லை. சராசரி ஊதியத்தின் சிக்கல் இன்னும் ஆழமானது. முப்பத்தெட்டு வயதில் சேர்பவர் ஏற்கெனவே ஏறுமுகத்தில் இருப்பவர். படிக்காமலிருந்தாலும் அவருடைய ஊதியம் உயர்ந்திருக்கும். படிப்பு தந்த உயர்வையும் அனுபவம் தந்த உயர்வையும் பிரித்துக் காட்டாத எண், விளம்பரத்துக்கு உதவும், முடிவெடுக்க உதவாது.

அடுத்தது சான்றிதழின் தன்மை. ஐ.ஐ.எம்.கள் நீண்டகாலம் முதுநிலைப் பட்டயமே வழங்கிவந்தன; 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தபின்னரே அவற்றுக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைத்தது. 2001இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட ஐ.எஸ்.பி.யின் புகழ்பெற்ற ஓராண்டுப் படிப்பு இன்றும் எம்.பி.ஏ. பட்டம் அன்று. தனியார் துறையில் இவ்வேறுபாட்டைப் பெரிதாகக் கருதுவார் இல்லை. ஆனால் அரசுப் பணியில் பதவி உயர்வையோ முனைவர் பட்டச் சேர்க்கையையோ எதிர்நோக்குபவருக்கு அதுவே வாழ்வைத் தீர்மானிக்கக்கூடும். புகழும் சட்டத் தகுதியும் வெவ்வேறு என்பதைப் பணம் கட்டும் முன்னரே அறிதல் வேண்டும். பெயரை மட்டும் நம்புவதன் ஆபத்துக்கு ஐ.ஐ.பி.எம். என்னும் சுருக்கப்பெயரே சான்று. அப்பெயரில் 1993இல் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ்ப் பெங்களூரில் உருவானது தோட்ட மேலாண்மைக்கான நிறுவனம். அதே சுருக்கப்பெயரில் நாடெங்கும் விளம்பரம் செய்த வேறொரு தனியார் நிறுவனமோ, தன் படிப்புகளை எம்.பி.ஏ. என்று குறிப்பிடக் கூடாதென 2014இல் தில்லி உயர்நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டது.

இவையெல்லாம் வாசலில் செய்யும் சோதனைகள். உள்ளே என்ன கற்பிக்கப்படுகிறது என்பதே மையக் கேள்வி. அதைக் கேட்பதற்குப் போனக்காட்டைவிடப் பொருத்தமான இடம் அரிது. திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரைக்கு அப்பால், அகத்தியமலையின் அடிவாரத்தில் உள்ள அத்தேயிலைத் தோட்டத்தை வெளியுலகம் இரண்டு வகையில் அறியும்: அகத்தியர்கூட மலையேற்றம் தொடங்கும் இடமாக, கைவிடப்பட்ட துரை பங்களாவைச் சுற்றிய பேய்க்கதைகளின் இடமாக. தொழிற்சாலை நின்றுபோனதும், ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் கிடக்க, தமிழ் வேர்கொண்ட தொழிலாளர் குடும்பங்கள் இடிந்துவரும் லயங்களில் தங்கிப்போனதும் சுற்றுலாக் காணொளிகளில் பின்னணியாக மட்டுமே வருகின்றன.

மேலாண்மை வகுப்பில் இத்தோட்டம் எவ்வாறு பேசப்படும்? செலவு மிகுந்தது, மகசூல் குறைந்தது, முதலீடு வெளியேறியது என்று மூன்று வரிகளில் முடிந்துவிடக்கூடும். முதலீடு வெளியேறலாம், தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர் எங்கே வெளியேறுவார்? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் மருத்துவத்தையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. ஆகவே தோட்டம் மூடப்படும்போது வேலையோடு வீட்டின் பாதுகாப்பும் ஒருங்கே போகிறது. இக்கணக்கை நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பு முழுமையாகக் காட்டாது.

மூணாறு இதனினும் நுட்பமான பாடம். 2005இல் டாடா டீ விலகியபோது உருவான கண்ணன் தேவன் நிறுவனத்தில் பெரும்பகுதிப் பங்குகள் தொழிலாளர்களுக்கும் அலுவலர்களுக்கும் உரியவையாயின. பங்கேற்பு மேலாண்மையின் வெற்றிக்கதையாக அது போற்றப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பரில், போனஸ் 10 விழுக்காடாகக் குறைந்ததை எதிர்த்து, அதே நிறுவனத்தின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துத் தெருவில் அமர்ந்தனர். அப்போது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். பெம்பிளை ஒருமை என்று பெயர்பெற்ற அப்போராட்டம், பங்குப் பத்திரம் கையில் இருப்பது முடிவெடுக்கும் உரிமை கையில் இருப்பதாகாது என்பதை உணர்த்தியது. முதல் அத்தியாயத்தை மட்டும் கற்பிக்கும் நிறுவனம் பாதிப் பாடத்தையே விற்கிறது.

தோட்டத்தில் மேலாண்மைக்கு ஒரு பழைய தமிழ்ச்சொல் உண்டு. கண்காணித்தலிலிருந்து பிறந்த கங்காணி என்னும் அச்சொல், கொழுந்து பறிக்கும் கையை மேலிருந்து பார்க்கும் கண்ணைக் குறிக்கிறது. இன்றைய பாடத்திட்டங்களில் சொற்கள் மாறியுள்ளன. பார்க்கும் திசை மாறியுள்ளதா என்பதே ஆராயத்தக்கது.

வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்பும் சுமப்பவரிடம் இத்தகைய கேள்விகள் ஆடம்பரம் என்று ஒருவர் மறுக்கலாம். ஊதிய உயர்வை விரும்புவதில் இழுக்கு ஏதுமில்லை. தோட்டத்து லயத்திலிருந்து படித்து முன்னேறிய ஒருவருக்கு அது முழு நியாயம். ஆனால் இருபத்து மூன்று வயது மாணவர் தேடுவது முதல் வேலை. இடைப்பருவத்தில் வருபவர் அடுத்துச் செல்லவிருப்பது பிறருடைய வேலையைத் தீர்மானிக்கும் நாற்காலிக்கு. ஒரு பிரிவை மூடலாமா என்ற கோப்பு அவர் மேசைக்கு வரும் நாளில், பாடத்தில் படித்த மூன்று வரிகள் போதா என்பது தெரியவரும். தீர்ப்புத் திறனே அவர் வாங்கவேண்டிய சரக்கு.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் வகுப்பறையில் அமர அனுமதி கேட்கவேண்டும். தோல்வியுற்ற நிறுவனங்கள் அங்கே விவாதிக்கப்படுகின்றனவா, தொழிலாளர் சட்டம் கட்டாயப் பாடமா விருப்பப் பாடமா, உடன் படிப்போர் அனைவரும் ஒரே துறையினரா என்று பார்க்கவேண்டும். கட்டணத்தோடு இழக்கும் ஊதியத்தையும் கூட்டிக் கணக்கிடவேண்டும். படிப்பை இடையில் நிறுத்தியவர்களையும் தேடிப் பேசவேண்டும். முன்னாள் மாணவர் பட்டியலில் அவர்கள் இருக்கமாட்டார்கள். இவற்றைக் கேட்கும் விண்ணப்பதாரரை வரவேற்கும் நிறுவனம் தரவரிசையில் பத்து இடம் தாழ்ந்திருந்தாலும் தகும். முகம் சுளிக்கும் நிறுவனம் முதலிடத்தில் இருந்தாலும், போனக்காடு போன்ற ஓரிடத்தின் பொறுப்பை அதன் மாணவரிடம் ஒப்படைக்கத் தயங்கவேண்டியிருக்கும்.