பிறக்கப்போகும் பிள்ளைக்கு எத்தனை சட்டை? கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு



இந்த மாதம் மட்டும் என் பழைய மாணவிகள் மூன்று பேரிடமிருந்து வளைகாப்பு அழைப்பு வந்திருக்கிறது. ஒருத்தி ஓசூரில் இருக்கிறாள், ஒருத்தி திருப்பூரில், இன்னொருத்தி இங்கேயே பாலக்கோடு பக்கத்தில். மூன்று பேரும் போனில் கேட்டது ஒரே கேள்விதான்: "டீச்சர், குழந்தைக்கு எத்தனை செட் துணி எடுத்து வைக்கணும்?" ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஆகும். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைத் துணிக்கு நாம் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி, குழந்தை மிகக் குறைந்த நாள் போடப்போகும் அளவுக்குத்தான் போகிறது. பிறந்த புதிதில் பீரோ நிறைய சட்டை இருக்கும். நாலாவது மாதத்தில் போட ஒன்றும் இருக்காது, மறுபடியும் கடைக்கு ஓடுவார்கள். வசதி உள்ள வீட்டுக்கு இது வெறும் வீண் செலவு. வாரக் கூலியில் ஓடுகிற வீட்டில் அந்தப் பணம் பிள்ளை பெற்றவளின் பாலிலும் முட்டையிலும் இருந்துதான் குறைகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் குழந்தை வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. அதன்படி ஆண் குழந்தையின் சராசரி நீளம் பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. மூன்றாம் மாத முடிவில் 61. ஆறாம் மாதத்தில் 67 அல்லது 68. ஒரு வயதில் 75, 76. பெண் குழந்தைக்கு இதில் ஒன்றிரண்டு செ.மீ. குறையும். கழித்துப் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் 11 செ.மீ. வளர்கிற பிள்ளை, அடுத்த மூன்று மாதத்தில் 6 செ.மீ.தான் வளர்கிறது. அதன் பிறகு ஆறு மாதம் முழுவதும் சேர்த்தே 8 செ.மீ. எடையும் அப்படித்தான். ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்காகும், மூன்று மடங்காக ஒரு வயது ஆகும்.

அதாவது மிகச் சின்ன அளவுச் சட்டைக்கு ஆயுள் சில வாரங்கள். ஆறு மாதத்துக்கு மேல் எடுக்கும் சட்டைக்குத்தான் ஆயுள் நீளம். நாம் வாங்குவது இதற்கு நேர் தலைகீழ்.

அடுத்தது துவைக்கிற கணக்கு. எத்தனை துணி வேண்டும் என்பதைத் துணிக்கடைக்காரர் சொல்ல முடியாது, உங்கள் வீட்டுக் கொடிக்கயிறுதான் சொல்லும். பிறந்த பிள்ளை பால் கக்கும், ஈரம் பண்ணும். ஒரு நாளைக்கு நாலு சட்டை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். தினமும் துவைத்து, வெயிலில் அன்றே காய்ந்துவிடும் என்றால் நாலு, கைவசம் இரண்டு, ஆக 6 போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு துணி காய இரண்டு நாள் ஆகும். அப்போது நாலும் நாலும் எட்டு, கைவசம் இரண்டு, ஆக 10. இதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு ஜப்லாவும் பீரோவுக்குத்தான், பிள்ளைக்கு அல்ல.

மூத்திரத் துணி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆகும். மழைக்காலத்தில் 24 இருந்தால் தடுமாற்றம் இல்லை. இதைக் கடையில் வாங்கவே வேண்டாம். தாத்தாவின் நைந்த எட்டு முழ வேட்டி ஒன்றைக் கிழித்தால் இரண்டடிச் சதுரமாகச் சுமார் 12 துணி வரும். இரண்டு வேட்டியில் வேலை முடிந்தது. பலமுறை துவைத்த பருத்தித் துணியின் மென்மை புதுத் துணிக்கு வராது. வெளியூர் போகவும் இரவுக்கும் பேம்பர்ஸ் போடுபவர்கள் துணியின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை மணிக்கணக்கில் மாற்றாமல் விட்டால் தொடையிடுக்கு சிவந்து புண்ணாகும். மலம் போனால் உடனே மாற்ற வேண்டும்.

இதோடு சுற்றுவதற்கு மெல்லிய துணி நாலு, துவட்டும் துண்டு இரண்டு, குல்லா இரண்டு, சாக்ஸ் இரண்டு ஜோடி, ஏணைக்கு நூல் சேலை இரண்டு. பிறக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியது அவ்வளவுதான். சுற்றும்போது காலை நீட்டி இறுக்கிக் கட்டாதீர்கள். இடுப்பு மூட்டு விலகிப்போகும் ஆபத்து இருக்கிறது. கால் மடங்கி அசைய இடம் இருக்க வேண்டும்.

மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆறு முதல் எட்டு சட்டை. ஆறு மாதத்துக்கு மேல் சோறு ஊட்ட ஆரம்பித்தால் கழுத்தில் கட்டும் துணி நாலு சேர்த்துக்கொள்ளுங்கள். தவழ ஆரம்பித்ததும் ஜட்டியும் முழங்கால் மூடும் கால்சட்டையும் நிறைய வேண்டும், சட்டை ஆறு போதும். ஒவ்வொரு அளவிலும் விசேஷத்துக்கு ஒன்றே ஒன்று.

எப்போது எடுப்பது? என் யோசனை, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 6, 10, 14-வது வாரங்களில் ஊசிக்குப் போவீர்கள், பிறகு ஒன்பதாம் மாதம். 14-வது வார ஊசிக்குப் போகும்போது எடையும் நீளமும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்த்து அடுத்த அளவை எடுங்கள். ஒன்பதாம் மாத ஊசியின்போது அதற்கடுத்த அளவு. "0–3 மாதம்" என்று சீட்டில் போட்டிருப்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வயதைப் பார்க்காமல் நீளத்தைப் பாருங்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளைகளும் நம் பக்கம் உண்டு, அந்தப் பிள்ளைக்குச் சின்ன அளவே கூடுதல் நாள் பிடிக்கும். அதனால்தான் முன்கூட்டியே குவிக்காதீர்கள் என்கிறேன். "வளர்ற புள்ளதானே" என்று பச்சைக் குழந்தைக்குத் தொளதொளவென்று பெரிய சட்டை போடுவதும் கூடாது. தூங்கும்போது துணி ஏறி மூக்கை மூடிவிடும்.

பருவத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரையில் பிறக்கும் பிள்ளைக்கு மார்கழிக் குளிர் வரும்போது எட்டு மாதம் ஆகியிருக்கும். வளைகாப்புக்கு வந்தவர்கள் கொடுத்த பச்சைக் குழந்தை ஸ்வெட்டர் அப்போது தலைக்குள்கூட நுழையாது. ஐப்பசியில் பிறக்கும் பிள்ளைக்கோ இரண்டாவது மாதத்திலேயே குளிர். பிறந்த புதிதில் குழந்தையின் உடம்பு சீக்கிரம் சூட்டை இழந்துவிடும், பெரியவர்களைவிட ஒன்றிரண்டு அடுக்குத் துணி கூடுதலாக வேண்டும், தலையில் குல்லா வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. அதற்காக அக்னி நட்சத்திரத்தில் கல்யாண மண்டபத்தில் கம்பளிக் குல்லாவும் நைலான் கவுனும் மாட்டி, வியர்க்குரு வரவைத்து, "புள்ள ஏன் இப்படி அழுவுது" என்று கேட்டால் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருட்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் கொடுக்கும் திட்டம் நம் மாநிலத்தில் 2015-ல் வந்தது. சோப்பு, எண்ணெயோடு துண்டு, உடை, சின்னப் படுக்கை, கொசுவலை, நாப்கின் எல்லாம் அதில் உண்டு. பெட்டகம் கைக்கு வந்தால் திறந்து எண்ணிவிட்டு மீதியை எடுக்கலாம். பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு அதே பொருளைக் கடையில் வாங்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இலவசமாக வந்தது என்பதால் அது மட்டமாகிவிடாது.

ஃபின்லாந்து நாட்டில் இப்படி ஒரு பெட்டி 1938 முதல் இருக்கிறது. முதலில் ஏழைத் தாய்மார்களுக்கு மட்டும் கொடுத்தார்கள், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும். நாலாம் மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்குப் போயிருந்தால்தான் பெட்டி கிடைக்கும். எனக்கு அதில் பிடித்த விஷயம், துணிகளைச் செ.மீ. கணக்கில் பல அளவுகளில் வைக்கிறார்கள், பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாக எடுத்துப் போடலாம். பணக்கார நாட்டுக்காரர்களே எண்ணி வைக்கிறார்கள். நாம் எண்ணுவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

இனிமேல் சொல்வது சொந்தங்களுக்கு. கோபித்துக்கொள்ளக் கூடாது.

பிள்ளை பார்க்க வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் பிறந்த அளவுச் சட்டைதான் கொண்டு வருகிறீர்கள். அத்தை, சித்தி, தாய்மாமன் எல்லாரும் ஒரு போன் போட்டுப் பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் மூன்று மாத அளவு, ஒருவர் ஆறு மாத அளவு, ஒருவர் குளிருக்கு. முடியாதவர் இரண்டு நாள் வந்து துணி துவைத்துக் கொடுங்கள். ஆபரேஷன் செய்த வயிற்றோடு பக்கெட் தூக்குகிறவளுக்கு அதைவிடப் பெரிய சீர் கிடையாது. மாப்பிள்ளைகளே, உங்களையும்தான் சொல்கிறேன். மூத்திரத் துணி அலசினால் ஆம்பளைத்தனம் குறைந்துவிடாது.

"உங்க அம்மா வீட்டுல என்ன கொண்டாந்தாங்க" என்று மருமகளைக் கேட்கும் பழக்கத்தை இந்தத் தலைமுறையோடு விட்டுவிடுவோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து வட்டிக்கு வாங்கிச் சீர் செய்த தகப்பன்மார்களை எனக்குத் தெரியும். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

"ஆசைக்கு எடுக்கிறோம், இதிலும் கணக்கு பார்க்கணுமா டீச்சர்?" என்று கேட்பீர்கள். ஆசைக்கு ஒன்று எடுங்கள், நான் தடுக்கவில்லை. முதல் பேரனுக்கோ பேத்திக்கோ ஒரு பட்டுச் சட்டை எடுத்துப் பார்க்காத மனது உண்டா? ஒன்று ஆசைக்கு இருக்கட்டும், பத்து கணக்குக்கு இருக்கட்டும்.

அக்கா பிள்ளை போட்ட துணியைத் தங்கை பிள்ளைக்குப் போடுவது குறைச்சல் இல்லை. புதுத் துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும், அதையும் ஒருமுறை அலசித்தான் போட வேண்டும். பழைய துணி பல முறை அலசி வந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். பார்த்தால் தெரியாது. அந்த உருண்டையின் நெடி பட்டால் அந்தக் குழந்தையின் ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும், உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளைத் துணி வைக்கும் பெட்டியில் உருண்டையே போடாதீர்கள். காய்ந்த வேப்பிலை போதும்.

கடைசியாக ஒன்று. "ஆம்பளப் புள்ள போட்ட சட்டைய பொண்ணுக்கு எப்படிப் போடறது" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். பிறக்கும் முன் எடுக்கும் துணியை வெள்ளை, மஞ்சள், இளம்பச்சையில் எடுங்கள், யார் வந்தாலும் பொருந்தும். என்ன பிள்ளை என்று முன்கூட்டிப் பார்ப்பது 1994 சட்டப்படி குற்றம்.

நம் மாவட்டத்துக்காரர்கள் இதை மறக்கக் கூடாது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. ஏன் என்று உங்களுக்கே தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், "என்ன புள்ளன்னு தெரியட்டும், அப்புறம் துணி எடுக்கலாம்" என்று சொன்ன வீடுகள் இருந்தன. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கு நான் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் சிலர் இன்று நர்ஸாக, டீச்சராக இருக்கிறார்கள், இந்தப் பதிவையும் படிப்பார்கள். ஆகவே யார் பிறந்தாலும் அதே பத்து ஜப்லா, அதே நாலு சுற்றுத்துணி, அதே இரண்டு குல்லா தயாராக இருக்கட்டும். எண்ணிக்கையில் ஆண், பெண் வித்தியாசம் வேண்டாம்.

ஓசூர், திருப்பூர், பாலக்கோடு மூன்று பேரும் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மிச்சமாகும் பணத்தில் தினம் ஒரு முட்டை, ஒரு கட்டு முருங்கைக்கீரை என்று உங்கள் கணக்கில் எழுதுங்கள். மற்றவர்கள் உங்கள் வீட்டில் எத்தனை துணி போடாமலே சின்னதாகிப் போனது என்று கீழே எழுதினால் அடுத்து பிள்ளை பெறப்போகிறவர்களுக்கு உதவும்.

எல்லோரும் நலமாக இருங்கள். வாழ்க வளமுடன்.

– உங்கள் டீச்சர்