கடற்படை விமானி விமானப்படையில் வாங்கிய வீர் சக்ரா: 'தியேட்டர் கமாண்ட்' விவாதத்தில் அட்மிரல் அருண் பிரகாஷின் கதை ஏன் முக்கியம்?

1971 டிசம்பர். இந்தியா - பாகிஸ்தான் போர் தொடங்கி ஓரிரு நாட்கள்தான் ஆகியிருந்தன. பஞ்சாபின் பதான்கோட் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய ஹன்டர் போர் விமானங்கள், ராவல்பிண்டி அருகே உள்ள சக்லாலா விமானத் தளத்தைத் தாக்கிவிட்டுத் திரும்பின. விமானம் விமானப்படையுடையது. ஸ்குவாட்ரனும் விமானப்படையுடையது. ஆனால், தாக்குதலில் பறந்த ஒரு விமானி மட்டும் கடற்படைக்காரர்.

அவர் பெயர் அருண் பிரகாஷ். அந்தப் போரில் வீர் சக்ரா வாங்கிய அவர், 33 ஆண்டுகள் கழித்து இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதி ஆனார். முப்படைகளையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவரும் 'தியேட்டர் கமாண்ட்' திட்டம் பற்றி விவாதம் நடக்கும்போது, இவருடைய கதையைத் திரும்பிப் பார்ப்பது அவசியம்.

கடற்படை விமானி அங்கே எப்படிப் போனார்?

அருண் பிரகாஷ் 1966-ல் கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்தவர். அப்போது இந்தியாவிடம் இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் பழைய ஐஎன்எஸ் விக்ராந்த். அதிலிருந்து 'சீ ஹாக்' போர் விமானங்களை ஓட்டப் பயிற்சி பெற்றார்.

ஒரு படையின் விமானியைக் கொஞ்ச காலம் இன்னொரு படைக்கு அனுப்பிவைக்கும் பரிமாற்ற முறை உண்டு. அப்படித்தான் அவர் விமானப்படையின் 20-வது ஸ்குவாட்ரனுக்குப் போனார். அங்கே இருக்கும்போதே போர் வந்துவிட்டது.

இதில் ஒரு முரண் இருக்கு. அதே நாட்களில் அவருடைய சொந்தப் படையின் சீ ஹாக் விமானங்கள், விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்து வங்கக் கடலோரத்தில் காக்ஸ் பஜார், சிட்டகாங் பகுதிகளைத் தாக்கிக்கொண்டிருந்தன. அந்த 300-வது கடற்படை ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கிய எஸ்.கே.குப்தாவுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. பின்னாளில் அவரும் ரியர் அட்மிரல் ஆனார். கடற்படையின் சீ ஹாக் விமானங்கள் கிழக்கே போரிட, கடற்படை விமானியான அருண் பிரகாஷ் மேற்கே விமானப்படையின் போரை நடத்திக்கொண்டிருந்தார்.

யீகரின் விமானம்

ஹன்டர் ஒலியின் வேகத்துக்குக் குறைவாகப் பறக்கும் விமானம். எதிரியின் ரேடாருக்குத் தப்ப, தரையை ஒட்டியே பறக்க வேண்டும். எதிரி நாட்டுக்குள் வெகுதூரம் போய், குறிவைத்துச் சுட்டுவிட்டு, இருக்கிற எரிபொருளுக்குள் திரும்பவும் வேண்டும். இப்படிப்பட்ட தாக்குதல்களுக்காகத்தான் அருண் பிரகாஷுக்கு வீர் சக்ரா கொடுக்கப்பட்டது.

சக்லாலா தாக்குதலுக்கு உலகம் அறிந்த ஒரு பின்கதையும் உண்டு. அங்கே அழிந்த விமானங்களில் ஒன்று, அமெரிக்கர் சக் யீகர் பயன்படுத்தி வந்த சிறிய இரட்டை இன்ஜின் விமானம். 1947-ல் ஒலியின் வேகத்தை முதன்முதலில் தாண்டிப் பறந்த அதே யீகர்தான். 1971-ல் அவர் பாகிஸ்தானில் அமெரிக்காவின் ராணுவப் பிரதிநிதியாக இருந்தார்.

அந்த விமானத்தைச் சுட்டது தான்தான் என்று அருண் பிரகாஷ் பின்னாளில் ஒரு கட்டுரையில் எழுதினார். இந்தியா வேண்டுமென்றே தன் விமானத்தைக் குறிவைத்ததாக யீகர் தன் சுயசரிதையில் எழுதியிருந்தார். ஆனால் அருண் பிரகாஷ் சொல்வது வேறு. தரையில் நின்ற விமானம் யாருடையது என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது. எதிரியின் தளத்தில் நின்றது, சுட்டார். அவ்வளவுதான்.

பதக்கங்கள் சொல்வது என்ன?

அருண் பிரகாஷின் பெயருக்குப் பின்னால் நான்கு விருதுகள் உண்டு: பரம விசிஷ்ட சேவா பதக்கம், அதி விசிஷ்ட சேவா பதக்கம், வீர் சக்ரா, விசிஷ்ட சேவா பதக்கம். எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒன்றல்ல.

- எதிரிக்கு நேர் எதிரில் காட்டும் வீரத்துக்கானவை: பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா.
- எதிரியுடனான போருக்கு வெளியே காட்டும் வீரத்துக்கானவை: அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா.
- சிறப்பான பணிக்கானவை: 'விசிஷ்ட சேவா' வரிசைப் பதக்கங்கள்.

பணிப் பதக்கங்கள் மூன்றும் இருக்கும் உயரதிகாரிகளைப் பார்க்கலாம். ஆனால் வீர் சக்ராவும் சேர்ந்து இருப்பது அரிது. ஏன்னா, போர் அடிக்கடி வருவதில்லை. 2025-ல் ஆபரேஷன் சிந்தூருக்காக 15 பேருக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டபோது, அதில் 9 பேர் விமானப்படை அதிகாரிகள்.

அந்தமானில் நடந்த சோதனை

1999 கார்கில் போருக்குப் பிறகு, எங்கே தவறு நடந்தது என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர், திருச்சியில் பிறந்த பாதுகாப்பு வல்லுநர் கே.சுப்ரமணியம். அந்த அறிக்கையைத் தொடர்ந்து வந்த சீர்திருத்தங்களில் ஒன்றுதான், 2001-ல் உருவான அந்தமான் நிக்கோபார் கட்டளை. ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றும் ஒரே தளபதியின் கீழ் இயங்கும் நாட்டின் முதல் கூட்டுக் கட்டளை.

அதன் முதல் தலைமைத் தளபதி யார் தெரியுமா? அப்போது வைஸ் அட்மிரலாக இருந்த அருண் பிரகாஷ்தான்.

2004 ஜூலையில் அவர் கடற்படைத் தலைமைத் தளபதி ஆனார். ஐந்து மாதத்தில் சுனாமி வந்தது. கார் நிக்கோபாரில் இருந்த விமானப்படைத் தளத்தையே கடல் அடித்துச் சென்றது. தமிழ்நாடு, ஆந்திரக் கடலோரத்துக்கு 'ஆபரேஷன் மதத்', இலங்கைக்கு 'ஆபரேஷன் ரெயின்போ', அந்தமானுக்கு 'ஆபரேஷன் சீ வேவ்ஸ்' என ஒரே நேரத்தில் பல திசைகளில் நிவாரணப் பணிக்குக் கப்பல்கள் கிளம்பின.

ஆனால் அந்தமான் கட்டளையின் கதை முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு படையும் தன் விமானங்களையும் கப்பல்களையும் முழு மனதோடு அதற்குக் கொடுக்கவில்லை என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு.

இப்போதைய பிரச்சினை என்ன?

இந்தியாவில் ராணுவத்துக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3 என மொத்தம் 17 தனித்தனிக் கட்டளைகள் இருந்துவருகின்றன. இவற்றை மேற்கு, வடக்கு, கடல் எல்லைகளுக்கான கூட்டுக் கட்டளைகளாக மாற்றுவதுதான் திட்டம். 2020-ல் முதல் முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற பிபின் ராவத் இதை முன்னெடுத்தார். 2021 டிசம்பரில் குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தார். அதன் பிறகு 2023-ல், மற்ற படையினர் மீதும் கூட்டுத் தளபதிக்கு ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் தரும் சட்டம் வந்தது.

இழுபறியின் மையம் போர் விமானங்கள். விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட பலம் 42 ஸ்குவாட்ரன்கள். 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றபோது எண்ணிக்கை 29 ஆகக் குறைந்தது. இருப்பதே குறைவு, அதையும் பங்கு போட்டால் எப்படி என்பது விமானப்படையின் கேள்வி. இன்று மேற்கில், நாளை வடக்கில் என விமானத்தை எங்கே வேண்டுமானாலும் திருப்ப முடிவதுதான் அதன் பலமே. 2025 ஆகஸ்ட்டில் மோவ் நகரில் நடந்த கருத்தரங்கில், அவசரப்படக் கூடாது என்று விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங் வெளிப்படையாகவே சொன்னார். கடற்படைத் தளபதி தினேஷ் திரிபாதி திட்டத்துக்கு ஆதரவாகப் பேசினார்.

கடற்படைக்கோ சொந்தப் போர் விமானங்கள் உண்டு. சுமார் 63,000 கோடி ரூபாயில் 26 ரஃபேல் மரைன் விமானங்கள் வாங்க 2025 ஏப்ரலில் ஒப்பந்தமும் ஆகிவிட்டது. அதனால் அவர்களுக்கு இது எளிதாகத் தெரியலாம் என்ற வாதமும் இருக்கு.

அருண் பிரகாஷின் கதையை எந்தப் பக்கத்துக்குச் சேர்ப்பது?

ஓய்வுக்குப் பிறகு அவர் தொடர்ந்து கூட்டுக் கட்டளையை ஆதரித்தே எழுதி வருகிறார். 1971-ல் கடற்படை விமானி ஒருவர் விமானப்படை ஸ்குவாட்ரனில் முழுமையாகக் கலந்து போரிட முடிந்தது. சீருடை எந்த நிறம் என்பது அங்கே தடையாகவில்லை. ஆதரவாளர்களுக்கு இது நல்ல சான்று.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அன்று விமானம், இலக்கு, உத்தரவு மூன்றையும் முடிவு செய்தது விமானப்படை மட்டுமே. அதாவது, ஆட்கள் கலப்பது சுலபம். அதிகாரத்தைக் கலப்பதுதான் கஷ்டம். பதான்கோட்டில் சுலபமாக நடந்தது முதல் விஷயம். அந்தமானில் இழுபறியானது இரண்டாவது விஷயம். இரண்டையும் உள்ளிருந்து பார்த்தவர் அருண் பிரகாஷ்.

தியேட்டர் கமாண்ட் பற்றி அடுத்து எந்த அறிவிப்பு வந்தாலும், வரைபடத்தில் எத்தனை கட்டளைகள் என்பதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். போர் நடக்கும் நாளில், அந்தத் தளபதி கேட்டால் விமானம் வருமா? அல்லது இன்னொரு தலைமையகத்தில் அனுமதி கேட்க வேண்டுமா?