உழவன் ஈந்த இழையம் யாருக்கு உரியது?

வடமத்திய மாகாணத்து வயல்களில் 1990களில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோய், வவுனியா உழவரையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ காரணமன்று. ஐயந்தீர, நோயாளியின் சிறுநீரகத்தில் ஊசி செலுத்தி, நூலிழையொத்த துணுக்கு ஒன்றை எடுக்கின்றனர். அதனை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, கண்ணாடி வழுக்கியில் பதித்து நுணுக்குக்காட்டியில் நோக்கினால், சுருங்கிய நுண்குழாய்களும் அவற்றிடையே படர்ந்த தழும்பும் தெரியும்.

இக்காட்சியை எத்தனை மருத்துவ மாணவர் காண்பர்? துணுக்கோ மிகச் சிறிது. ஆயிரம் பேருக்கு ஆயிரம் சீவல் எடுத்தல் இயலாது. கண்ணாடி உடையும், சாயம் மங்கும். எவ்வூர் அலமாரியில் வழுக்கி உளதோ, அவ்வூர் மாணவருக்கே அது பாடமாகும். 1870இல் தோன்றிய கொழும்பு மருத்துவக் கல்லூரி சேர்த்த செல்வமும், 1978இல் தோன்றிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் சேர்த்த செல்வமும் ஒன்றாகுமா? அதற்கும் பின் வந்த மட்டக்களப்பின் நிலை என்ன?

இவ்வேற்றுமையைப் போக்க வழியுண்டு. டிஜிட்டல் வருடி வழுக்கியை ஒருமுறை வருடினால் போதும். மில்லிமீற்றரின் நாலாயிரத்தில் ஒரு பங்களவான புள்ளிகளாக அது முழுவதும் கணினியில் பதிவாகிவிடும். பின்னர் ஆயிரம் மாணவர் ஒரே வேளையில் அதனை நகர்த்தலாம், பெருப்பிக்கலாம். ஆசிரியர் சுட்டும் கலத்தையே அனைவரும் காணலாம்.

ஆடம்பரம் என்பார் சிலர். வருடிக்குப் பெருஞ்செலவுண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல பீடங்களுக்கு ஒரு வருடி போதும். பார்வையிடும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கின்றது. மின்சாரம் நின்றால் என் செய்வது என்பார் வேறு சிலர். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருளில் இருந்த நாம் அதனை மறந்தோமல்லோம். ஆகவேதான் நுணுக்குக்காட்டியை எறியச் சொல்லவில்லை. அதனைக் கையாளப் பழகாத மருத்துவர், கிராமத்து ஆசுபத்திரியில் கைகட்டி நிற்பார். இரண்டும் வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் வழுக்கிகளை உலகுக்குத் திறந்து வைத்துள்ளது. அது போதாதா என்பாரும் உளர். உடலின் இயல்பை அங்கே கற்கலாம். நம் வயலின் நோயை மிச்சிகனா நமக்குத் தேடித் தரும்?

நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. நோயாளியின் சம்மதம் பெற்று, பெயர் நீக்கி, அரசாங்க ஆசுபத்திரிகளின் அரிய வழுக்கிகள் யாவும் வருடப்படல் வேண்டும். அப்பதிவுகள் ஒவ்வொரு பீடத்தின் கணினியிலும் இருத்தல் வேண்டும். தன் உடலிலிருந்து உழவன் ஈந்த துணுக்கு, பூட்டிய அலமாரியில் மங்குவதற்கு ஈந்ததன்று. அவன் பிள்ளைக்கு மருந்திடப் போகும் மருத்துவர் கற்பதற்கு ஈந்ததாகும்.