அடுப்படிக் குறிப்புகள்: உள்ளி போட்ட எண்ணெய்



ஒலிவ் எண்ணெய், தேசிக்காய்ப்புளி, நசித்த உள்ளி, ஒரேகானோ சேர்த்துச் சிசிலியர் செய்யும் ‘சல்மொரில்யோ’ எம்மவர் வீடுகளிலும் புகுந்துவிட்டது. சுட்ட கத்தரிக்காய்க்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது எமது அபிப்பிராயம். பலாரோ சந்தையில் உள்ளியும் தேசிக்காயும் மலிவாகக் கிடைக்கும் நாளில், ஒரு போத்தல் நிறையச் செய்து வைக்கலாமே என்று கை துருதுருக்கும். எத்தனை நாள் இருக்கும், பழுதானதை எப்படி அறிவது என்பதுதான் கேள்வி.

சில பழுதுகளை மூக்கே சொல்லிவிடும். எண்ணெய் காறிப்போனால் பழைய கச்சான் மணம் வரும். நுரை கிளம்பினாலும், பூஞ்சணம் படிந்தாலும், மூடியைத் திறக்கும்போது காற்றுச் சீறினாலும் வீசிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒலிவ் எண்ணெய் உறைந்து கலங்குவது பழுதன்று. வெளியே வைத்தால் தெளிந்துவிடும்.

மூக்குக்கு அகப்படாத பழுதுதான் ஆபத்தானது. உள்ளி மண்ணுக்குள் விளைவது. மண்ணிலுள்ள ‘பொற்றுலினம்’ கிருமியின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். காற்றுப் படும் இடத்தில் அவை வளரா. எண்ணெய்க்குள் அமிழ்த்தினால் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. வெளியில் வைத்தால் சூடும் சேர்ந்துவிடுகிறது. அங்கே முளைத்து நஞ்சு கக்கும். மணமும் மாறாது, நிறமும் மாறாது. ருசி பார்த்துச் சோதிப்பது நஞ்சையே உண்பதாகும். 1985இல் கனடாவின் வன்கூவரில், எண்ணெயிலிட்ட உள்ளியைப் பாவித்த ஓர் உணவகத்தில் உண்டவர்களில் 36 பேர் இந்நோய்க்கு ஆளானார்கள். இத்தாலியிலும் வீட்டில் எண்ணெயிலிட்ட மரக்கறிகளால் இந்நோய் இன்றும் வருகிறது.

“எங்கள் தேசிக்காய் ஊறுகாய் வருடக்கணக்கில் இருக்கிறதே” என்பீர்கள். அதைக் காப்பது உப்பும் புளியும் வெயிலும். மேலே நிற்கும் எண்ணெய் அன்று. சல்மொரில்யோவில் புளி இருந்தாலும் அது எண்ணெயோடு கலவாமல் பிரிந்து நிற்கும். முழு உள்ளிப் பல்லுக்குள் புளிப்பு இறங்கவும் நாட்செல்லும். ஆகவே அதை நம்பி வெளியில் வைக்க வேண்டாம்.

பச்சை உள்ளியோ பச்சை இலையோ போட்டது குளிர்சாதனப் பெட்டியில், 4 பாகைக்குள், 4 நாள் மட்டுமே. போத்தலில் திகதியை எழுதி ஒட்டுங்கள். வினாகிரி, எண்ணெய், உப்பு, காய்ந்த ஒரேகானோ மட்டும் என்றால் அதே பெட்டியில் இரண்டு கிழமை தாங்கும். உள்ளியை உண்ணும் வேளையில் நசித்துப் போடலாம். மிஞ்சியதை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் சில மாதம் இருக்கும். அன்னதானத்துக்குச் சலாது செய்வோர் அன்றைய எண்ணெயை அன்றே கலக்குங்கள். மிச்சத்தை வீடுகளுக்குப் பங்கிட வேண்டாம்.

உண்டபின், பெரும்பாலும் 12 முதல் 36 மணித்தியாலத்துக்குள், பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, விழுங்கவோ பேசவோ சிரமப்பட்டாலோ உடனே 112க்கு அழையுங்கள். காய்ச்சல் பெரும்பாலும் இராது. போத்தலை எறியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். பரிசோதனைக்கு அது வேண்டும்.