திரையில் ஏலம்: தரச் சான்றே விற்பவருக்குத் துணை

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது பழமொழி. அந்த உழக்கு முழுவதும் வயலிலேயே போய்விடுவதில்லை. அதில் ஒரு பங்கு விற்கும் இடத்தில் போகிறது. விதை, உரம், ஆள்கூலி என்று பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கும் விவசாயி, பாடுபட்டு விளைவித்த பொருளை விற்கும்போது மட்டும் எதிரே நிற்பவர் சொல்லும் விலைக்குத் தலையசைத்துவிட்டு வீடு திரும்புகிறார்.

இந்தக் குறையைப் போக்குவதற்கான முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1933ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1936இல் திருப்பூரில் பருத்திக்கென ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஏற்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1987ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டம். சரியான எடை, மறைமுக ஏலம், விவசாயியிடம் தரகு பிடிக்காமை ஆகியவை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களால் கிடைத்த நன்மைகள். ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. அன்றைய தினம் கூடத்துக்கு வந்த நான்கைந்து வியாபாரிகள்தாம் விலை கேட்பார்கள். அவர்களுக்குள் ஒத்துப்போய்விட்டால் ஏலம் பெயரளவில்தான் நடக்கும்.

சந்தைகளின் எண்ணிக்கை போதுமா?

வெளியூர் வியாபாரியும் இருந்த இடத்திலிருந்தே விலை கேட்கலாம் என்ற நோக்கத்துடன் 2016 ஏப்ரல் 14 அன்று மின்னணு தேசிய வேளாண் சந்தை தொடங்கப்பட்டது. 'இ-நாம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்திட்டத்தில் முதலில் 8 மாநிலங்களின் 21 சந்தைகளே சேர்ந்தன. 2023 மார்ச் முடிவில் இந்த எண்ணிக்கை 1,361 ஆக உயர்ந்தது. இவற்றில் 157 சந்தைகள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை.

எண்ணிக்கை பெருகியது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஒரு சந்தையைக் கணினியில் இணைத்துவிட்டால் மட்டும் அதில் பொருள் விற்கும் விவசாயிக்குக் கூடுதல் விலை கிடைத்துவிடாது. இதுவரை நடந்துள்ள மின்னணு வணிகத்தில் பெரும்பகுதி அந்தந்தச் சந்தைக்கு உள்ளேயே நடந்திருக்கிறது. பொருளை விற்பவரும் உள்ளூர்க்காரர், வாங்குபவரும் வழக்கமாக வரும் அதே வியாபாரி. முன்பு துண்டுச் சீட்டில் எழுதிய விலையை இப்போது கைப்பேசியில் பதிகிறார், அவ்வளவே. நானூறு கல் தொலைவில் உள்ள எண்ணெய் ஆலைக்காரர் ஏன் விலை கேட்பதில்லை? அவர் பொருளைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தவர் சொல்லும் சொல்லிலும் அவருக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. இதுதான் காரணம்.

எனவே மின்னணுச் சந்தையை மேம்படுத்த எங்கே பணம் செலவிட வேண்டும் என்று கேட்டால், இன்னும் பல சந்தைகளைச் சேர்ப்பதைவிட, சேர்ந்துள்ள சந்தைகளில் தரம் பார்க்கும் வசதியைப் பலப்படுத்துவதில்தான் என்பதே சரியான விடையாகும். கண்ணால் பார்க்காத பொருளுக்குத் தரச் சான்றுதான் வாய்.

கொப்பரைக் கணக்கு

ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் அதிகமாக விற்பனைக்கு வரும் கொப்பரையை எடுத்துக்கொள்வோம். அரசின் ஆதரவு விலைக் கொள்முதலில் அரவைக் கொப்பரைக்கு ஈரப்பதம் 6 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு விவசாயி 500 கிலோ கொப்பரை கொண்டுவருகிறார். அதில் 10 சதவிகித ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 6 சதவிகிதம் வரை காயவைத்தால் எடை ஏறத்தாழ 479 கிலோவாகக் குறையும். அதாவது 21 கிலோ நீர் அதிகமாக இருக்கிறது. கிலோ 100 ரூபாய் என்று கணக்கிட்டால், நியாயமாகக் குறைக்க வேண்டிய தொகை சுமார் 2,130 ரூபாய்.

ஆனால் ஈரமானி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? வியாபாரி ஒரு கீற்றை ஒடித்துப் பார்த்து, "பச்சையாக இருக்கிறது" என்று கூறி, கிலோவுக்கு 8 ரூபாய் குறைத்துக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 500 கிலோவுக்குக் குறைவு 4,000 ரூபாய். விவசாயிக்கு நஷ்டம் 1,870 ரூபாய். ஐந்து மூட்டை, பத்து மூட்டை கொண்டுவருபவருக்கு இது சிறிய தொகையல்ல. வியாபாரி ஏமாற்றுகிறார் என்றும் சொல்லிவிட முடியாது. அளவு தெரியாத இடத்தில் தமக்கு நஷ்டம் வராமல் இருக்க அவர் கூட்டித்தான் கழிப்பார். அளவு தெரிந்துவிட்டால் இருவருக்கும் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. கொப்பரையை நன்றாகக் காயவைத்து 6 சதவிகித ஈரத்தில் கொண்டுவரும் விவசாயிக்கும், அரைகுறையாகக் காயவைத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே விலை கிடைத்தால், அடுத்த முறை எவரும் சிரமப்பட்டுக் காயவைக்க மாட்டார்கள். தரம் பார்க்காத சந்தை நல்ல பொருளைத் தண்டிக்கிறது.

கர்நாடகம் காட்டும் பாடம்

அண்டை மாநிலமான கர்நாடகம், இ-நாம் வருவதற்கு முன்பே, 2014ஆம் ஆண்டில் தன் சந்தைகளை ஒரே மின்னணு அமைப்பில் இணைக்கத் தொடங்கியது. அதன் விளைவைக் கணக்கிட்ட ஆராய்ச்சியில் நெல், நிலக்கடலை, மக்காச்சோளம் ஆகியவற்றின் விலை சில சதவிகிதம் உயர்ந்தது தெரியவந்தது. பருத்தி, பாசிப்பயறு போன்றவற்றில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. அமைப்பு ஒன்றே, ஆனால் பயன் ஒன்றல்ல. தரத்தை எவ்வாறு அளந்து சொல்கிறார்கள், சந்தையில் எத்தனை வியாபாரிகள் உண்மையாகப் போட்டியிடுகிறார்கள், ஏலம் எவ்வளவு சீராக நடக்கிறது என்பவற்றைப் பொறுத்தே பயன் அமையும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

செய்ய வேண்டிய சீர்திருத்தங்கள்

முதலாவதாக, ஏலத்துக்கு முன்பே தரம் பார்க்கப்பட வேண்டும். வரத்து அதிகமான நாட்களில் ஒவ்வொரு குவியலுக்கும் தரம் பார்க்க நேரமில்லை என்று கூறப்படுகிறது. இதில் உண்மை உண்டு; எண்ணெய்ச் சத்து போன்ற சோதனைக்கு நேரம் பிடிக்கும். ஆனால் ஈரப்பதத்தை ஈரமானியால் சில நிமிடங்களில் அறிந்துவிடலாம். பூஞ்சணம், கருத்த பருப்பு, தூசி ஆகியவற்றை மாதிரியைத் தட்டில் பரப்பி எடைபோட்டே சொல்லிவிடலாம். எல்லாச் சோதனையும் வேண்டும் என்று காத்திருந்து ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட, விலையைத் தீர்மானிக்கும் மூன்று நான்கு குணங்களைத் தவறாமல் பார்ப்பது மேல். இதற்குக் கருவியைவிட ஆட்கள்தாம் தேவை. கருவி வாங்கிப் பூட்டிவைத்த அறையால் யாருக்கும் லாபமில்லை.

இரண்டாவதாக, எடுக்கும் மாதிரியை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒன்று சோதனைக்கு, ஒன்று விவசாயியிடம், ஒன்று முத்திரையிட்டு விற்பனைக்கூடத்தில். வெளியூர் வியாபாரி, சரக்கு வந்து சேர்ந்த பிறகு "தரம் குறைவு" என்று தகராறு செய்தால் முத்திரையிட்ட மாதிரியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். இந்த ஏற்பாடு இல்லாதவரை தொலைவிலுள்ளவருக்கு விற்க விவசாயியும் தயங்குவார். வாங்க வியாபாரியும் தயங்குவார். ஆளுக்கொரு கைப்பிடியாக மாதிரி அள்ளிச் செல்லும் வழக்கமும் இதனால் ஒழியும்.

மூன்றாவதாக, பணம் வரவான பிறகே சரக்கு வெளியேற வேண்டும். மின்னணு முறையில் விற்பனைத் தொகை நேராக விவசாயியின் வங்கிக் கணக்குக்குச் செல்ல வழி இருக்கிறது. இதை எல்லா விற்பனைக்கும் கட்டாயமாக்க வேண்டும். கமிஷன் மண்டிக்காரரை விவசாயி நாடிப்போவதற்கு முக்கியக் காரணம் அவர் கையில் உடனே பணம் தருவதுதான். கல்யாணம், மருத்துவச் செலவு என்று இரவில் போய் நின்றாலும் முன்பணம் தருவார். அதற்கு ஈடாக விளைச்சலை அவரிடமே போடவேண்டியிருக்கிறது. முன்பணம் வாங்கியவருக்குத் திரையில் எத்தனை விலை தெரிந்தாலும் பயனில்லை. ஆகவே மின்னணு ஏலத்தோடு பொருளீட்டுக் கடனும் எளிதாகக் கிடைக்க வேண்டும். விற்பனைக்கூடக் கிடங்கில் பொருளை இருப்பு வைத்துக் கடன் பெறும் வசதி ஏற்கெனவே உள்ளது. அதைப் பெறுவதற்கு ஆகும் நாட்களைக் குறைப்பதுதான் இப்போது வேண்டியது.

நான்காவதாக, வாங்குபவரின் நடத்தையும் விற்பவருக்குத் தெரிய வேண்டும். பொருளின் தரம் திரையில் வியாபாரிக்குத் தெரிகிறது. ஆனால் அந்த வியாபாரி சென்ற பருவத்தில் எத்தனை முறை பணத்தைத் தாமதப்படுத்தினார், எத்தனை முறை ஏலம் எடுத்துவிட்டுப் பின்வாங்கினார் என்பது விவசாயிக்குத் தெரிவதில்லை. இந்த விவரங்கள் கணினியிலேயே பதிவாகக் கூடியவை. அவற்றை விலைக்குப் பக்கத்தில் காட்டினால், கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவாக இருந்தாலும் நாணயமானவருக்கே பொருளைக் கொடுக்க விவசாயி முன்வருவார். நாணயமாக நடக்கும் வியாபாரிக்கும் இது நன்மையே.

கடைசியாக, பொருளைக் கொண்டுவருவதற்கான செலவைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். இரண்டு மூட்டைக்கு வண்டி வாடகை கொடுத்து விற்பனைக்கூடத்துக்கு வந்துவிட்டவர், விலை கட்டுப்படி ஆகாவிட்டாலும் திருப்பி எடுத்துச் செல்ல மாட்டார். ஏலத்தில் வந்த விலையை ஏற்பதும் மறுப்பதும் விவசாயியின் உரிமை என்று இ-நாம் விதி கூறுகிறது. வண்டி வாடகை அந்த உரிமையைப் பறித்துவிடுகிறது. தோட்டத்திலேயே பொருளைப் பார்த்து ஏலத்தில் ஏற்றும் பண்ணை வாயில் வணிகத்தைப் பரவலாக்கினால்தான் இந்த உரிமை ஏட்டளவில் நில்லாமல் கைக்கு வரும்.

விவசாயிகள் கவனத்துக்கு

அரசு செய்ய வேண்டியவை ஒருபுறம் இருக்க, விவசாயிகள் தாமே செய்துகொள்ளக் கூடியவையும் உள்ளன.

நன்கு முற்றிய காய்களையே கொப்பரைக்கு உடைக்க வேண்டும். மண் தரையிலோ சாலையோரத்திலோ காயவைக்காமல், சிமெண்ட் களத்திலோ தார்ப்பாயிலோ பரப்ப வேண்டும். இரவில் பனி படாமல் மூடிவைக்க வேண்டும். மழைக்காலத்தில் சூரிய உலர்த்தி பயன்படுத்தினால் பூஞ்சணம் பிடிக்காது. இதற்கான மானிய விவரங்களை வேளாண் பொறியியல் துறையில் விசாரித்து அறியலாம்.

நல்லதும் சுமாரானதும் கலந்த குவியலுக்குச் சுமாரானதன் விலையே கிடைக்கும். கருத்தவை, சுருங்கியவை, உடைந்தவை ஆகியவற்றைப் பிரித்துத் தனிக் குவியலாக வைப்பது லாபகரமானது.

சிறு அளவில் விளைவிப்போர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மூலமாகவோ, பக்கத்துத் தோட்டக்காரர்களுடன் சேர்ந்தோ, ஒரே தரத்தில் பொருளைத் திரட்டலாம். பத்துப் பேர் ஆளுக்கு ஐந்து மூட்டை சேர்த்தால் ஐம்பது மூட்டை. லாரி வைத்து எடுத்துச் செல்ல நினைக்கும் வெளியூர் வியாபாரியும் அதற்கு விலை கேட்பார்.

வங்கிப் புத்தகத்திலும் ஆதார் அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று அறுவடைக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. எழுத்துப் பிழையால் பணம் திரும்பிப் போய் வாரக்கணக்கில் அலைய நேரிடலாம். கைப்பேசி எண்ணும் தமதாக இருக்க வேண்டும். வியாபாரியின் எண்ணையோ தரகரின் எண்ணையோ கொடுத்தால் விலை விவரம் அவருக்குத்தான் போய்ச் சேரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொருளை இறக்கியதும் "என்ன விலை?" என்று கேட்பதற்கு முன், "ஈரம் எவ்வளவு? சீட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கும் பழக்கம் வேண்டும். ஒருவர் கேட்டால் வேலை மிகுதி என்று தட்டிக்கழிக்கலாம். வருகிற ஒவ்வொருவரும் கேட்டால் ஈரமானி அறையின் பூட்டு திறக்கத்தான் வேண்டும். 1936இல் சரியான தராசு வேண்டும் என்பதில் தொடங்கிய பணி இன்று சரியான தரச் சான்று வேண்டும் என்பதில் வந்து நிற்கிறது. தராசைப் பெற்ற விவசாயிகள் சான்றையும் கேட்டுப் பெற முன்வர வேண்டும்.