பேரேட்டைக் கையில் கொடுத்தால் எப்படி சாமி?

நான் பி.காம். கணினித்துறை மக்கள் அடிக்க வராதீங்க. ஆனா இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கு.

போன செமஸ்டரில் கிழக்கிந்தியக் கம்பெனி பற்றி ஒரு அசைன்மென்ட். தேடிப் போன இடத்தில், வெளிநாட்டு ஆவணக்காப்பகம் ஒன்றில் (பேர் வேண்டாம்) கம்பெனி பேரைத் தட்டினேன். வந்து விழுந்தது முழுக்கக் கோண அடைப்புக்குறி! செல்போன் திரையில் அதைப் படிச்சவனுக்குத்தான் அந்த வலி தெரியும். பக்கத்தில் இருந்த நண்பன், "வைரஸாடா?" என்றான்.

வைரஸ் இல்லை. ஈஏசி-சிபிஎஃப் என்ற எக்ஸ்எம்எல் வடிவம். ஆவணங்களை உருவாக்கிய ஆட்கள், குடும்பங்கள், நிறுவனங்கள் யார் யார் என்று சொல்லும் அடையாளப் பதிவு. அமெரிக்க ஆவணக்காப்பாளர் சங்கம் 2011-ல் இதைத் தரநிலையாக ஏற்றது. அருமையான ஏற்பாடுங்க, அதோடு எனக்குச் சண்டையே இல்லை. கம்பெனியையே பாருங்க. 1600 டிசம்பர் 31-ல் சாசனம். 1698-ல் போட்டிக்கு இன்னொரு கம்பெனி. 1708-09-ல் ரெண்டும் ஒன்றாகி, மூச்சு முட்டும் நீளத்தில் ஒரு புதுப் பேர். சுருக்கமா கிழக்கிந்தியக் கம்பெனின்னே சொல்லிக்கலாம் என்றது 1833 சட்டம். 1874-ல் கலைப்பு. எந்தப் பேரில் தேடினாலும் சரியான இடத்தில் கொண்டுபோய் விடுவதுதான் இந்தப் பதிவின் வேலை.

அவ்வளவு உழைப்பையும் போட்டுவிட்டு, கடைசியில் எக்ஸ்எம்எல்லை அப்படியே நம்ம தலையில் கொட்டினால்? கேட்டால், "அது இயந்திரத்துக்கு" என்பார்கள். சரி, மனுஷனுக்கு எங்கே? பங்குதாரர் கணக்குக் கேட்டால் ஐந்தொகையைக் கொடுப்போமா, பேரேட்டு மூட்டையை அவர் வீட்டு வாசலில் இறக்குவோமா?

இன்னொரு கூட்டம், கோப்பின் தலையில் எக்ஸ்எஸ்எல்டி பாணித்தாள் ஒன்றைக் கட்டிவிட்டு, "உலாவியே மாற்றிக்கொள்ளும்" என்று போய்விட்டது. வந்தது வினை. குரோமிலிருந்து எக்ஸ்எஸ்எல்டியைத் தூக்கப் போவதாக கூகுள் 2025-ல் அறிவித்துவிட்டது. அடுத்தவன் அடுப்பை நம்பி உலை வைத்த கதை. அதே பாணித்தாளைத் தங்கள் கணினியிலேயே ஓட்டி, சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கமாக்கி ஏற்றியிருந்தால் இந்தத் தலைவலி வந்திருக்காது. எக்ஸ்எஸ்எல்டி-ப்ராக் என்ற இலவசக் கருவிக்குக் கோப்புக்கு ஒரு கட்டளை போதும். தரவுத்தளம் வேண்டாம், ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம். மட்டமான நெட்டிலும் திறக்கும், தேடுபொறிக்கும் சிக்கும்.

"பெரிய போர்ட்டல் வருது, பொறுங்க" என்கிற ஆட்களும் உண்டு. வரட்டுமே! அதுவரை நாங்கள் என்ன செய்ய?

ஆனால் மாற்றுகிறேன் பேர்வழி என்று பாதியை வெட்டி எறிவதும் தப்பு. மாற்றுப் பேர்கள் எல்லாமே பக்கத்தில் இருக்கணும், ஏன்னா தேடி வருகிறவன் அதில் ஏதோ ஒன்றோடுதான் வருவான். உறவு இணைப்புகள் எக்ஸ்எம்எல் கோப்புக்குப் போகாமல் அடுத்த ஹெச்டிஎம்எல் பக்கத்துக்குப் போகணும். இதை மறப்பவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். முக்கியமா, பதிவை யார் எழுதினார், எப்போ திருத்தினார், எந்த ஆதாரத்தை வைத்து என்கிற பகுதி. பார்க்க அழகா இல்லைன்னு முதலில் தூக்குவது இதைத்தான். தணிக்கையாளர் கையெழுத்து இல்லாத ஐந்தொகையை எங்க வாத்தியார் தொடக்கூட மாட்டார். மூலக் கோப்பையும் அழிக்காதீங்க, பக்கத்தின் அடியில் ஒரு இணைப்பாகக் கொடுங்க. வேணுங்கிறவன் எடுத்துக்குவான்.

கோபத்தில் நானே அந்த ஒரு கோப்பை இறக்கி உட்கார்ந்தேன். எக்ஸ்எஸ்எல்டி அ, ஆ கூடத் தெரியாது. ஒரு சனி, ஒரு ஞாயிறு. பக்கம் வந்துவிட்டது :-) நண்பனிடம் நீட்டினேன். "1874 வரைக்குமா இருந்துச்சு?" என்று ஆர்வமாகப் படித்தவன், போட்டிக் கம்பெனியின் இணைப்பைத் தட்டினான். அது இன்னும் பழைய இடத்துக்குத்தானே போகும்... மறுபடி கோண அடைப்புக்குறி.